சம்பளப் பட்டியலைப் பலர் சேர்ந்து எழுதினாலும் வெளியே கசியாமல் வைத்துக்கொள்வது எப்படி: தோட்ட அலுவலகங்களுக்கான கூகுள் ஷீட்ஸ் செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களில் குலை வெட்டும் குத்தகையை எடுத்து நடத்தும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் மூவர், தோட்டங்களில் வேலையை மேற்பார்வையிடும் நான்கு மண்டோர்கள், மாதம் ஒருமுறை வந்து கணக்கைச் சரிபார்ப்பவர் ஒருவர் என எட்டுப் பேர் ஒரே சம்பளக் கணக்கில் கை வைக்க வேண்டியிருக்கிறது. சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் பணம் தொழிலாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்வதால், மாதத்தின் முதல் வாரத்தில் அந்தக் கோப்பு எல்லோர் கைப்பேசியிலும் திறந்தே கிடக்கும்.

ஒரு தீபாவளிக்கு முந்திய வாரம், மண்டோர்கள் அவசரப்படுத்தியதால், பட்டியலின் இணைப்பை அப்படியே அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கலாம், திருத்தலாம் என்ற நிலையில் அந்தக் கோப்பு இருந்ததை நான் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, இருபது ஆண்டுகளாக வெட்டுக்காட்டில் வேலை செய்யும் ஓர் அக்கா அலுவலக வாசலில் வந்து நின்று, "தம்பி, நான் வாங்கிய முன்பணம் என் மருமகளுக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டார். அவருடைய பெயருக்கு நேரே அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் முன்பணமும் ஒரே வரியில் இருந்தன. நம் நாட்டு அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதிலிருந்து ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். அந்த ஒரு வரி கைமாறினாலே ஒரு மனிதரைப் பற்றிய பாதி விவரம் கைமாறிவிடுகிறது. அன்று முதல் இரண்டு மாதம் இதிலேயே மூழ்கிச் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கூகுள் கணக்குத் தொடங்குவதும் ஷீட்ஸில் புதிய கோப்புத் திறப்பதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

முதல் படி: ஆளுக்கு ஒரு கணக்கு

அலுவலகத்துக்கு ஒரே ஜிமெயில், அதன் கடவுச்சொல் சுவரில் ஒட்டிய தாளில் என்று பல இடங்களில் நடக்கிறது. தயவுசெய்து இதை இன்றே நிறுத்துங்கள். ஒரே கணக்கில் எல்லோரும் நுழைந்தால், திருத்த வரலாற்றில் எல்லா மாற்றமும் ஒரே பெயரில்தான் பதிவாகும். யார் எந்த எண்ணை மாற்றினார் என்று பின்னால் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

ஒவ்வொருவரும் தம் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் முறையை, இயக்க வேண்டும். குறுஞ்செய்தியில் குறியீடு பெறும் முறையை நான் பரிந்துரைப்பதில்லை. தோட்டத்தின் உட்பகுதியில் அலைவரிசை கிடைக்காத இடத்தில் குறுஞ்செய்தி வந்து சேராது. கூகுள் ஆதென்டிகேட்டர் செயலியோ இணையம் இல்லாமலே குறியீட்டைக் காட்டும். அதோடு கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு அலுவலகப் பெட்டகத்தில் வையுங்கள். மழையில் நனைந்து கைப்பேசி கெட்டுப்போன மண்டோர் ஒருவரை மறுநாள் காலையிலேயே வேலைக்குத் திருப்பியது அந்தத் தாள்தான். கடவுச்சொற்களை வைக்க நான் பிட்வார்டன் என்ற செயலியைப் பயன்படுத்துகிறேன். அதன் இலவசப் பதிப்பே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது.

இரண்டாம் படி: கதவை அடைத்துப் பெயர் சொல்லி அழைப்பது

கோப்பின் வலது மேல் மூலையில் உள்ள ஷேர் பொத்தானை அழுத்தினால், கீழ்ப்பகுதியில் பொது அணுகல் என்ற இடம் தெரியும். அங்கே ரெஸ்ட்ரிக்டட் (சேர்த்தவர்கள் மட்டுமே திறக்கலாம்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்த்து, பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என்று அவரவர் வேலைக்கு ஏற்ற நிலையைக் கொடுங்கள். எங்கள் கணக்குச் சரிபார்ப்பவர் கருத்துரைப்பவர் மட்டுமே. அவர் பிழையைச் சுட்டிக்காட்டுவார், திருத்துவது எங்கள் பொறுப்பு.

அதே சாளரத்தில் பற்சக்கரக் குறி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, திருத்துபவர்கள் பிறருக்கும் அனுமதி கொடுக்கலாம் என்ற குறியை நீக்கிவிடுங்கள். இதை நீக்காவிட்டால், நீங்கள் சேர்த்த ஒருவர் உங்களைக் கேட்காமலே இன்னொருவரைச் சேர்க்க முடியும்.

மூன்றாம் படி: நான் இரண்டு முறை சறுக்கிய இடம்

கதவை அடைத்த பிறகும் மண்டோர்கள் உள்ளேதான் இருந்தார்கள். அவர்கள் அன்றாட வெட்டுக் கணக்கைப் பதிய வேண்டும், ஆனால் வங்கி எண்ணையும் முன்பணத்தையும் பார்க்கத் தேவையில்லை. எனவே அந்தப் பத்திகளை (நெடுவரிசைகளை) மறைத்து வைத்தேன், அந்த வரம்பைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாகவும் மாற்றினேன். இரண்டும் பயன் தரவில்லை. பாதுகாக்கப்பட்ட பகுதியைப் பிறர் திருத்த முடியாதே தவிர, பார்க்க முடியும். மறைத்த பத்தியோ, பார்ப்பவர் நிலையில் உள்ள ஒருவர் கோப்பைத் தம் கணக்கில் படியெடுத்துக்கொண்டாலே வெளிப்பட்டுவிடும். ஒரு மண்டோரிடம் சொல்லி என் கண்முன்னே படியெடுக்கச் செய்து பார்த்தேன்; மூன்று தட்டலில் அத்தனை வங்கி எண்ணும் அவர் திரையில் வந்து நின்றன.

அடுத்து, மண்டோர்களுக்கென்று தனிக் கோப்பு ஒன்று தொடங்கி, சம்பளக் கோப்பிலிருந்து பெயர்ப் பத்தியை மட்டும் இம்போர்ட்ரேஞ்ச் (IMPORTRANGE) என்ற சூத்திரத்தால் அதில் இழுத்தேன். பெயர் மட்டும்தானே போகிறது என்று நிம்மதியாக இருந்தேன். உண்மையில், இரண்டு கோப்புகளையும் இணைக்க ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால், இழுக்கும் கோப்பில் திருத்தும் உரிமை உள்ள எவரும் அந்தச் சூத்திரத்தில் வரம்பை மாற்றி எழுதி, மூலக் கோப்பின் எந்தப் பகுதியையும் கொண்டுவர முடியும். அனுமதி கோப்பு முழுமைக்கும் கொடுக்கப்படுகிறது. ஒரு பத்திக்கு மட்டும் கொடுக்க வழியில்லை. பெயர்ப் பத்தியின் எழுத்தை அழித்துவிட்டு வங்கிப் பத்தியின் எழுத்தைத் தட்டினால் போதும்.

தீர்வு, தரவு ஓடும் திசையைத் திருப்புவதில் இருந்தது. இப்போது ஒவ்வொரு மண்டோருக்கும் ஒரு வெட்டுக் கணக்குக் கோப்பு இருக்கிறது; அதில் தொழிலாளரின் வேலை எண், பெயர், தேதி, குலை எண்ணிக்கை ஆகியவை மட்டுமே உள்ளன. சம்பளக் கோப்பைத் திருத்தும் உரிமை எனக்கும் மேலாளருக்கும் மட்டுமே உண்டு; மண்டோர்கள் அதைத் திறக்கவே முடியாது. சம்பளக் கோப்புதான் அந்த நான்கு கோப்புகளிலிருந்தும் இழுக்கிறது. அதிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. புதிய தொழிலாளரின் பெயரை மண்டோர் கோப்பில் கையால் தட்டச்சு செய்கிறேன். மாதத்துக்கு நான்கைந்து பெயர்தான், அந்தச் சிரமம் தகும்.

சூத்திரத்தை எழுதும்போது அடைப்புக்குறிக்குள் இரண்டு பகுதிகள் வர வேண்டும்: முதலில் மண்டோர் கோப்பின் இணைப்பு, காற்புள்ளிக்குப் பிறகு தாளின் பெயரும் வரம்பும். இரண்டையும் தனித்தனியே மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். முதன்முறை எழுதியதும் கட்டத்தில் ரெஃப் என்று பிழை காட்டும், பதற வேண்டாம். அந்தக் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் அனுமதி கேட்கும் பொத்தான் தோன்றும், அழுத்தியதும் எண்கள் வந்து நிரம்பும்.

இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. பழைய சம்பளக் கோப்பிலிருந்தே வங்கிப் பத்திகளை அழித்துவிட்டு அதை மண்டோர்களுக்குக் கொடுக்கலாம் என்று தோன்றும். அழித்த பத்திகள் திருத்த வரலாற்றில் அப்படியே இருக்கும். திருத்தும் உரிமை உள்ளவர் பழைய நிலையைத் திறந்து பார்க்கலாம். ஆகவே மண்டோர் கோப்பை வெற்றுத் தாளிலிருந்தே தொடங்குங்கள்.

நான்காம் படி: கோப்புறையைப் பிரிப்பது

ஒரு கோப்புறையைப் பகிர்ந்தால், அதற்குள் போடப்படும் ஒவ்வொரு கோப்பும் அதே அனுமதியைப் பெற்றுவிடும். எனவே வெட்டுக் கணக்குகளுக்கு ஒரு கோப்புறையும் சம்பளத்துக்கு வேறொரு கோப்புறையும் வைத்து, ஒன்றை மற்றொன்றுக்குள் வைக்காதீர்கள். அடையாள அட்டை நகல்கள் சம்பளக் கோப்புறையில்தான் இருக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் அல்ல. மண்டோர் படம் எடுத்து அனுப்பினால், நான் அதைக் கோப்புறையில் சேர்த்துவிட்டு, இரு கைப்பேசிகளிலிருந்தும் நீக்கச் சொல்கிறேன்.

கூகுளே பார்க்க முடியாதபடி முழு மறையாக்கம் வேண்டும் என்பவர்களுக்கு கிரிப்ட்பேட் என்ற இணையச் சேவை இருக்கிறது. அதை ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்தேன். அதில் கடவுச்சொல்லை மறந்தால் கணக்கை மீட்டுத் தர எவராலும் முடியாது. நான்கு மண்டோர்களைக் கொண்ட எங்கள் அலுவலகத்துக்கு அது பொருந்தாது என்பதே என் முடிவு. இரண்டு மூன்று பேர் மட்டும் கையாளும் வழக்கு ஆவணங்களுக்கு நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

பின்சேர்க்கை

இதை முதலில் எழுதிய பிறகு இரண்டு சிக்கல்களைப் பலர் கேட்டார்கள். முதலாவது, முறையாகச் சேர்த்த ஒருவருக்கும் அனுமதி இல்லை என்ற செய்தி வருவது. அநேகமாக அவர் கைப்பேசியில் இரண்டு கூகுள் கணக்குகள் இருக்கும். பிள்ளையின் பள்ளிக் கணக்கில் கோப்புத் திறந்திருக்கும். வலது மேல் மூலையில் உள்ள படத்தைத் தட்டிக் கணக்கை மாற்றினால் சரியாகிவிடும். அனுமதி கேட்டு உங்களுக்கு வரும் மின்னஞ்சலை யோசிக்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது எந்த முகவரியிலிருந்து வருகிறது என்று பார்த்து, அவரை அழைத்துக் கேட்ட பிறகே முடிவெடுங்கள்.

இரண்டாவது, கோப்பைத் தொடங்கியவர் வேலையை விட்டுப் போவது. அவர் தனிக் கணக்கில் தொடங்கிய கோப்பு அவருக்கே சொந்தம். அவர் போவதற்கு முன்பே ஷேர் சாளரத்தில் உரிமையை மேலாளருக்கு மாற்ற வேண்டும். மேலாளரும் தமக்கு வரும் மின்னஞ்சலில் அதை ஏற்றுக்கொண்டால்தான் மாற்றம் நிறைவேறும். எங்கள் பழைய கிராணியின் (எழுத்தரின்) கோப்புகளில் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டு, மூன்று வாரம் அவரைத் தேடி அலைந்தோம்.

சட்டம் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் தரவைக் கையாளும் சிறு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். அண்மைத் திருத்தத்தின்படி, அதன் கோட்பாடுகளை மீறினால் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 2025 ஜூன் 1 முதல், பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களுக்கு, அவ்வாறு தெரிவித்த 7 நாளுக்குள் சொல்ல வேண்டும். யாரெல்லாம் கோப்பைத் திறக்கலாம் என்ற பட்டியல் கையில் இல்லாத அலுவலகத்துக்கு 72 மணி நேரம் போதவே போதாது.

அந்தப் பட்டியலை நான் ஊழியர் சேமநிதிப் பணம் கட்டும் 15ஆம் தேதியில் சரிபார்க்கிறேன். ஒவ்வொரு கோப்பின் ஷேர் சாளரத்தையும் திறந்து, அதில் உள்ள பெயர்களை அந்த மாதச் சம்பளம் வாங்கியவர்களின் பெயரோடு ஒப்பிட்டு, வேலையை விட்டவரை நீக்குகிறேன். ஆறு கோப்புக்குப் பத்து நிமிடம் ஆகிறது.