செகே வெந்நீர் ஊற்றில் நீராடப் போகிறீர்களா?

கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் வளர்ந்ததே செகே என்ற வெந்நீர் ஊற்றைச் சுற்றித்தான். ஊற்றும் அதைச் சுற்றிய நிலமும் கவீயா பழங்குடியினரின் அகுவா காலியென்டே பிரிவைச் சேர்ந்தவை. ஆதி தெய்வங்கள் இதில் உறைவதாகவும், நோய் தீர்ப்பவர்கள் இந்த நீரிலிருந்தே சக்தி பெற்றதாகவும் அவர்களுடைய மரபு சொல்கிறது.

பலரும் நேரே குளிக்கப் போய்விடுகிறார்கள். முதலில் பக்கத்திலேயே இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஊற்று நீர்க் குளியலகம், அருங்காட்சியகம் இரண்டும் 2023இல் திறக்கப்பட்டவை, இரண்டையும் நடத்துவது பழங்குடியினரே. 2018இல் கட்டுமானத்துக்காகத் தோண்டியபோது கிடைத்த, ஏறத்தாழ 8000 ஆண்டுப் பழமையான பொருள்கள் அங்கே உள்ளன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் இறங்கப்போவது யாருடைய நீர் என்பது விளங்கும்.

ஊற்று இப்போது திறந்த குளமாக இல்லை. நீர் குழாய் வழியே தொட்டிகளுக்கு வருகிறது, சூடு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். வெள்ளி நகைகளைக் கழற்றிவிடுங்கள், தாது நீரில் கறுக்கலாம். சன்ஸ்கிரீன் போக ஷவரில் குளித்துவிட்டு இறங்குங்கள். எண்ணெய்க் குளியல் ஆசையை ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது. முதல் முறை 15 நிமிடம் போதும். சடாரென எழுந்தால் தலை சுற்றும். வெந்நீரில் ரத்தக் குழாய்கள் விரிந்து அழுத்தம் இறங்கியிருக்கும். விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எழுங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

புனித நீர் என்றதும் காசு போடவும் பூ விடவும் கை துறுதுறுக்கும். வேண்டாம். அந்த நீருக்கான சடங்கு அவர்களுடையது; நம் பக்தியை அதன்மேல் ஏற்றுவது மரியாதை ஆகாது. சுரைக் குடுக்கையைக் குலுக்கி அவர்கள் பாடும், ‘பறவைப் பாடல்கள்’ என்ற மரபுப் பாடல்களைக் கேட்க வாய்த்தால், அனுமதி வாங்காமல் பதிவு செய்யாதீர்கள்.

பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் “இங்கே பழங்குடியினர் வாழ்ந்தார்கள்” என்று இறந்தகாலத்தில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 1876இல் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் நகருக்குள் சதுரங்கக் கட்டங்களாகப் பரவியிருக்கிறது. நிலத்தடி நீரிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நேரமிருந்தால் அவர்களுடைய இந்தியன் கேன்யன்ஸ் பள்ளத்தாக்குகளுக்கும் போகலாம். ஆண்ட்ரியாஸ் பள்ளத்தாக்கின் பாறைகளில் உணவுக்காக இடித்த குழிகள் இருக்கின்றன. அவற்றில் கல்லோ குப்பையோ போடாதீர்கள். நாய்க்கும் ட்ரோனுக்கும் அனுமதியில்லை. ஜூலை முதல் வாரத்துக்குப் பின் செப்டம்பர் முடிய வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே திறப்பார்கள். அந்த வெயிலில் காலை எட்டு மணிக்கே உள்ளே இருந்தால்தான் நடக்க முடியும்.