ஞாயிறு காலை எபிக்டெட்டஸ்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஞாயிறுதோறும் பசியாறிவிட்டு நாங்கள் நான்கு பேர் ஸ்டோயிக் தத்துவம் படிக்கிறோம். நம் கையில் இருப்பதை மட்டும் கவனித்து நிதானமாக வாழச் சொல்லும் பண்டைய கிரேக்க, ரோமானியத் தத்துவம் அது. நீங்களும் தொடங்கலாம். நான்கைந்து பேருக்கு மேல் வேண்டாம், பேச்சு கலைந்துவிடும்.

ரோமானியக் காலத்து ஸ்டோயிக் ஆசிரியர் எபிக்டெட்டஸின் ‘எங்கைரிடியன்’ (கையேடு) போதும். அடிமையாகப் பிறந்தவர் சொன்னதை மாணவர் அர்ரியன் தொகுத்த சிறு நூல். வாரம் ஒரு பகுதியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். அப்புறம் ஆளுக்கொரு சொந்த அனுபவம் சொல்லுங்கள்.

நான்காம் பகுதி எனக்கு உயிர். பொதுக் குளியலிடத்துக்குப் போகுமுன், அங்கே தண்ணீர் தெறிக்கும், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடவும் செய்வார்கள் என்று நினைத்துக்கொள் என்கிறார். எனக்கு அது எல்ஆர்டி நகர ரயில். காலை ஏழரைக்கு, கேஎல் சென்ட்ரலில் ரயில் கதவு திறக்குமுன், “இடிபடுவேன், நிதானத்தையும் விடமாட்டேன்” என்று மனசுக்குள் சொல்வேன். முதல் வாரமே பை வார் அறுந்து, பக்கத்தில் நின்ற பையனிடம் கத்திவிட்டேன். ஞாயிறன்று அதை அப்படியே சொன்னேன். எங்களில் மூத்த அக்கா, “சரி, கத்துறதுக்கு முன்னாடி என்ன நினைச்சே?” என்று மட்டும் கேட்டார். தனியாகப் படித்திருந்தால் அந்தக் கேள்வியை என்னிடமே நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

இரவில் உங்களையே கேட்டுக்கொள்ள, இன்னொரு ஸ்டோயிக் சிந்தனையாளர் செனிகா சொல்லும் மூன்று கேள்விகள்: இன்று எந்தக் குறையைத் திருத்தினாய், எதை எதிர்த்து நின்றாய், எதில் மேம்பட்டாய்? பதில்களைக் குறிப்பேட்டில் எழுதி ஞாயிறன்று கொண்டுவாருங்கள்.