திருமலையில் இரண்டு நாள்: கோணேசர் முதல் திரியாய் வரை

காலையில் கோணேசர் கோயில், பத்து மணிக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், மத்தியானம் நிலாவெளிக் கடல். இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள திருக்கோணமலைக்கு வருகிற பலர் இப்படித்தான் ஒரே நாளில் ஓடி முடிக்கிறார்கள். படம் நிறையக் கிடைக்கும், பார்த்தது மனதில் நிற்காது. இரண்டு நாள் ஒதுக்குங்கள். எதை எப்போது பார்ப்பது என்பதை வெயிலையும் வெளிச்சத்தையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

மாதம் என்றால் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை தோது. ஒக்டோபர் கடைசியில் தொடங்கும் வாடைமழை ஜனவரி வரை இழுக்கும். மே தாண்டினால் தென்மேற்குக் கச்சான் காற்றும் அனலும்தான். சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வருவார். அதைக் காண வருவதென்றால் அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

முதல் நாள் விடிவதற்கு முன்பே, கோணேசர் கோயில் இருக்கும் கோட்டையின் வாசலுக்குப் போய்விடுங்கள். உள்ளே இராணுவம் இருக்கிறது, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஓட்டோவை வாசலிலேயே அனுப்பிவிடுவது நல்லது. வண்டியில் போகிறவர்கள் தவறவிடுவது வாசல் நிலைக்கல்லைத்தான். கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக் கொண்டே 1620களில் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். நிலைக்கல்லில் இரட்டைக் கயலும், 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் வெண்பாவின் சிதைந்த எழுத்துகளும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற அரசன் செய்த திருப்பணியைப் பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், பிரிப்பான் என்று சொல்கிற பாட்டு, பறங்கி எழுப்பிய கோட்டையிலேயே நிற்கிறது. வழியை மறிக்காமல் ஓரமாக நின்று பாருங்கள். காவலில் நிற்பவர்களைப் படம் எடுக்க வேண்டாம்.

அங்கிருந்து மேட்டுப்பாதை. மரத்தடியில் புள்ளிமான்கள் நிற்கும். அர்ச்சனைப் பையை நீட்டினால் பழத்தோடு பொலித்தீனையும் சேர்த்து விழுங்கிவிடும், அது வயிற்றில் சிக்கி மான் சாகும். அதனால் துணிப்பையே கொண்டுபோங்கள். செருப்பை அடிவாரத்தில் விட்டுத்தான் மேலே ஏற வேண்டும். எட்டு மணிக்குள் திரும்பினால் தரை குளிர்ச்சியாக இருக்கும். பதினொரு மணிக்கு இறங்குகிறவர்கள் நிழல் தேடித் துள்ளித் துள்ளி ஓடுவார்கள். ஆண்கள் வேட்டியோ சாரமோ கட்டி, உள்ளே போகும்போது சேர்ட்டைக் கழற்றிவிட வேண்டும். மத்தியானம் நடை சாத்துவார்கள், பூசை நேரத்தை முந்தைய நாளே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963-இல். அதற்கு முன் 1950-இல் நிலத்தைத் தோண்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956-இல் கடலடிப் படமெடுப்பவரான மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களையும் கற்களையும் கண்டார்கள். தரிசனம் முடிந்ததும் இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவுப் பக்கம் போய்க் கீழே பாருங்கள். அந்தக் கற்கள் கிடக்கும் கடல் அதுதான். பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் அங்குள்ள மரத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். இந்தத் தலத்தைச் சம்பந்தர் பாடிய பதிகத்தில் 'கோணமா மலையமர்ந் தாரே' என்றே பாட்டுகள் முடிகின்றன. தெரிந்தவர்கள் அங்கே உட்கார்ந்து ஓதலாம். கைபேசியில் சத்தமாகப் போட்டால் கடலிரைச்சலும் போய்விடும், பக்கத்தில் இருப்பவரின் அமைதியும் போய்விடும்.

பின்னேரம் பத்திரகாளி அம்மன் கோயிலோடு போதும். மறுநாள் அலைச்சல் கூட.

இரண்டாம் நாள் ஆறு மணிக்கே கன்னியா. அநுராதபுரம் வீதியில் நகரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஏழு சதுரக் கிணறுகள், ஏழுக்கும் ஏழு சூடு. இலங்கையில் எரிமலை கிடையாது. மழைநீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடேறித் திரும்புகிறது. உள்ளே இறங்கிக் குளிக்கிற இடமல்ல, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். சோப்பு, ஷாம்பு போடக்கூடாது. சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி, முதலில் காலுக்கு, பிறகு தோளுக்கு, கடைசியில் தலைக்கு ஊற்றுங்கள். எடுத்த எடுப்பில் தலைக்கு ஊற்றினால் சிலருக்குத் தலை சுற்றும், வெறும் வயிறென்றால் இன்னும் மோசம். கிணறுகள் ஆழமில்லை. கூட்டம் அள்ளத் தொடங்கினால் நீர் இறங்கிக் கலங்கிவிடும், அதனால்தான் ஆறு மணி. இராவணன் தாய்க்குக் கடன் செய்த இடம் என்ற ஐதீகத்தால் இங்கே இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியை செய்ய வருவார்கள். அழுத முகத்தோடு நிற்கும் குடும்பத்துக்கு முதலில் இடம் விடுங்கள்.

அதே வீதிப் பக்கம் பெரியகுளத்தருகே வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளி. தமிழில் நாதனார் கோவில், சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி. தமிழர் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கத் தானம் கொடுத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டுகளாகவே இங்கே பார்க்கலாம். உச்சி வெயிலில் கல்லில் ஒரு எழுத்தும் தெரியாது. ஒன்பது மணிக்கு முன் வெயில் சாய்வாக விழும்போது எழுத்துப் பள்ளங்களில் நிழல் கட்டும். முடியாவிட்டால் குடையால் வெயிலை மறைத்து, கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். சுண்ணாம்புக் கட்டி பூசுவதோ தண்ணீர் தெளிப்பதோ வேண்டாம். வெட்டு தெளிவது போல் தெரியும், கல்தான் கெடும். புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக்கூடாது, சிக்கலாகும்.

திரியாய் எதிர்த்திசையில், குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை வீதியில். ஊரவர் கந்தசாமிமலை என்பதுதான் கிரிஹண்டு சேய என்ற பழைய பௌத்தத் தூபி இருக்கும் குன்று. பஸ் பிரதான வீதியோடு போய்விடும், உள்ளே நடக்க வேண்டும். திரும்பி வருவதற்கும் சேர்த்தே ஓட்டோ பேசிப் போங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் எடுத்துக்கொண்டு, மூன்றரை மணிக்கு ஏறத் தொடங்கினால் படிகளில் நிழல் இருக்கும். பல்லவ கிரந்தத்தில் எழுதிய சமஸ்கிருதப் பாறைக் கல்வெட்டையும், மேலே வட்டமாகக் கற்றூண்கள் சூழ்ந்த தூபியையும் நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் போதும். யானை நடமாடும் பகுதி, இருட்டுவதற்குள் வீதிக்கு வந்துவிடுங்கள்.