கோறளைப்பற்று ஏன் ஒட்டவில்லை? அரச தரவைத் திறந்து வைக்க ஒரு தொடக்கப் பாடம்

ஒரு மாரிகாலத்தில் இரண்டு எக்செல் பைல்கள் என் கைக்கு வந்தன. ஒன்றில், மட்டக்களப்பு மாவட்டத்தில் வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக. மற்றதில், அதே பிரிவுகளில் பெரும்போகத்துக்கு விதைத்த வயலின் பரப்பளவு. இரண்டையும் இணைத்தால் வீடும் வயலும் சேர்ந்து அடிபட்ட இடம் எதுவென்று தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இணைக்கும் புரோகிராமை ஓட்டினால், மாவட்டத்தின் 14 பிரிவுகளில் நான்குதான் பொருந்தின.

ஒரு பைலில் ‘வவுணதீவு’, மற்றதில் ‘மண்முனை மேற்கு’. ஒன்றில் ‘செங்கலடி’, மற்றதில் ‘ஏறாவூர்ப்பற்று’. இவை ஒரே பிரிவுகள்தான் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. இதைக் கையால் திருத்திவிட்டேன். ஆனால் ‘கோறளைப்பற்று’ இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிந்தது, இருந்தும் ஒட்ட மறுத்தது. அதைக் கண்டுபிடிக்க இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

அந்த இரண்டு அலுவலகங்களிலும் யாரும் பிழை செய்யவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் வேலைக்குப் பொருத்தமாகவே அட்டவணை போட்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் கதைத்து ஒரு பொது முறைக்கு வரவில்லை, அவ்வளவுதான். திறந்த அரச தரவு, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று அரசு வெளியிடும் தரவு, பற்றிய பேச்சில் ‘பொதுத் தரம்’ என்று வருவது பெரும்பாலும் இந்தப் பொது முறையைத்தான்.

பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் அபிவிருத்தி உத்தியோகத்தர், தரவு பதியும் தொண்டர், பல்கலைக்கழக மாணவர், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எக்செல் ஓரளவு தெரிந்தால் போதும்.

தொடங்குமுன்

பெரிய கொள்கைகள் ஏற்கனவே இருக்கின்றன. 2007 இல் அமெரிக்காவின் செபாஸ்டபோல் நகரில் கூடியவர்கள் திறந்த அரச தரவுக்கு எட்டுக் கோட்பாடுகளை வகுத்தார்கள். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 2010 இல் ஐந்து நட்சத்திர அளவுகோலைச் சொன்னார். திறந்த உரிமத்தோடு பிடிஎப் போட்டால் ஒரு நட்சத்திரம், எக்செல் போட்டால் இரண்டு, யாரும் எந்த மென்பொருளிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி (கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துப் பைல்) போட்டால் மூன்று. நான்கும் ஐந்தும் தரவுக்கு வலை முகவரி கொடுத்து, மற்றத் தரவோடு இணைப்பது பற்றியவை. 2015 இல் சர்வதேசத் திறந்த தரவுச் சாசனம் ஆறு கோட்பாடுகளோடு வந்தது. அதே ஆண்டில் இலங்கை, அரசுகள் வெளிப்படையாக நடக்க உடன்படும் சர்வதேச அமைப்பான திறந்த அரசாங்கப் பங்குடைமையில் சேர்ந்தது.

இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. மூன்று நட்சத்திரத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தால் நம் மாவட்டத்துக்கு அதுவே பெரிய காரியம் என்பது என் கருத்து.

படி 1: ஒரேயொரு அட்டவணையை எடுங்கள்

அலுவலகத்தில் உள்ள எல்லாவற்றையும் திறக்கிறோம் என்று புறப்பட்டவர்கள் பாதியில் களைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். ஆக்கள் அடிக்கடி வந்து கேட்கும் அட்டவணை ஒன்று இருக்கும். குளத்து நீர்மட்டம், பாடசாலைப் பட்டியல், வெள்ள விபரம், இப்படி ஏதாவது. அதில் தொடங்குங்கள்.

படி 2: பாமினியை விட்டு வெளியே வாருங்கள்

நம் பக்கத்து அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில் அடித்த பைல்கள் நிறைய. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். தேடினாலும் கிடைக்காது. எனவே எல்லாவற்றையும், எந்தக் கணினியிலும் ஒரே மாதிரித் தெரியும் பொது எழுத்து முறையான யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன.

மாற்றிய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. கோறளைப்பற்று ஒட்டாத கதை இதுதான். பாமினியில் ‘கோ’ அடிக்க மூன்று விசை வேண்டும்: இரட்டைக் கொம்பு, க, கால். சில மாற்றிகள் அதை அப்படியே மூன்று துண்டாக யுனிகோடில் வைத்துவிடும். யுனிகோடு விசைப்பலகையில் நேரடியாக அடித்தாலோ ‘க’வும் ஓகாரக் குறியும் என்று இரண்டே துண்டு. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்கூடத் தெரியாது. எக்செலில் ‘லென்’ என்ற சார்பைப் போட்டு எண்ணிப் பாருங்கள். சரியான ‘கோறளைப்பற்று’ 12 என்று காட்டும், துண்டான ‘கோறளைப்பற்று’ 13 என்று காட்டும். அந்த ஒரு எண்ணுக்காகத்தான் நான் நள்ளிரவு வரை விழித்திருந்தேன்.

தீர்வு லேசானது. யுனிகோடு இயல்பாக்கம் என்று ஒரு முறை உண்டு, அதில் ‘என்எப்சி’ என்ற வகை துண்டுகளை ஒன்றாக்கிவிடும். பைத்தன் என்ற கணினி மொழி தெரிந்தவருக்கு ஒரே வரி வேலை. ஆனால் ஔகாரத்தில் கவனம். ‘மௌலவி’ என்பதை ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து ‘மெளலவி’ என்று அடித்திருந்தால் எந்த இயல்பாக்கமும் உதவாது. அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

படி 3: பெயரோடு குறியீட்டையும் போடுங்கள்

வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடி, கிரான் என்று நாம் சொல்வதெல்லாம் அரச ஏட்டில் கோறளைப்பற்று வடக்கு, கோறளைப்பற்று, கோறளைப்பற்று மேற்கு, கோறளைப்பற்று தெற்கு. கோறளைப்பற்று மத்தியும் தனியே இருக்கிறது. அவசரத்தில் யாராவது ‘மத்தி’யை விட்டுவிட்டால் அந்த எண்ணிக்கை சத்தமில்லாமல் வாழைச்சேனைக் கணக்கில் ஏறிவிடும். தெற்கே போனால் பட்டிப்பளை என்பது மண்முனை தென்மேற்கு, வெல்லாவெளி என்பது போரதீவுப்பற்று, களுவாஞ்சிக்குடி என்பது மண்முனை தெற்கு எருவில் பற்று. இதே பெயர்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள்.

பெயரை நம்பாதீர்கள். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் குறியீட்டு முறையில் கிழக்கு மாகாணம் 5, மட்டக்களப்பு 51, அம்பாறை 52, திருகோணமலை 53. அதன் கீழே பிரதேச செயலகப் பிரிவுக்கும் கிராம அலுவலர் பிரிவுக்கும் எண்கள் தொடரும். ஐக்கிய நாடுகளின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் பயன்படுத்தும் இடக்குறியீடும் இதே எண்ணின் முன் நாட்டுக் குறியைச் சேர்த்ததுதான். உங்கள் அட்டவணையில் குறியீட்டுக்கு ஒரு நிரல், பெயருக்கு ஒரு நிரல் என்று இரண்டும் இருக்கட்டும். மனிதர் பெயரை வாசிப்பார், கணினி குறியீட்டை வாசிக்கும்.

கூடவே ஒரு சிறிய பட்டியல் பைல் வைத்துக்கொள்ளுங்கள்: குறியீடு, அரச பெயர், வழக்குப் பெயர், சிங்களப் பெயர், ஆங்கிலப் பெயர். ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும், பிறகு காலம் முழுக்க உதவும்.

படி 4: ஒரு வரியில் ஒரு விடயம்

மேலே மூன்று வரித் தலைப்பு, நடுவில் ஒட்டிய கட்டங்கள், இடையிடையே ‘மொத்தம்’, சிவப்பு நிறம் பூசினால் ‘அவசரம்’ என்று பொருள். கூட்டத்தில் திரையில் காட்ட இது வடிவாக இருக்கும், தரவாகப் பயன்படாது. முதல் வரி நிரல்களின் பெயர், அதற்குக் கீழே எல்லாம் தரவு. நிறத்தால் சொன்னதற்கு ஒரு நிரல் போடுங்கள். மொத்தத்தை எடுத்துவிடுங்கள், வேண்டியவர் கூட்டிக்கொள்வார்.

இப்படி (எண்கள் என் கற்பனை, ஆண்டும் இன்னும் வரவில்லை, குறியீட்டு நிரலை இடம் கருதி விட்டிருக்கிறேன்):

திகதி,பிரிவு,குடும்பங்கள்,நபர்கள்
2031-12-05,மண்முனை மேற்கு,120,402
2031-12-05,போரதீவுப்பற்று,0,0
2031-12-05,கோறளைப்பற்று தெற்கு,,

கடைசி வரியைப் பாருங்கள். போரதீவுப்பற்றில் 0 என்றால் விசாரித்தோம், பாதிப்பு இல்லை. கோறளைப்பற்று தெற்கில் வெறுமை என்றால் தகவல் இன்னும் வரவில்லை. கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறினால் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போகவே முடியாது. அந்த நேரத்தில் வெற்றுக் கட்டத்தை யாராவது அழகுக்காக 0 என்று நிரப்பினால், அடிபட்ட இடமே அடிபடாத இடமாகிவிடும். வெறுமையும் பூச்சியமும் வேறு என்று எழுதியே வையுங்கள்.

படி 5: திகதி, அளவு, வரைவிலக்கணம்

03/04/2024 என்று நாம் எழுதுவது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி அதை மார்ச் 4 என்று எடுக்கும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் திகதி முறையில் 2024-04-03 என்று எழுதினால் குழப்பமே இல்லை. பெரும்போகம் இரண்டு ஆண்டுகளில் விழும் என்பதால் ‘2023/24 பெரும்போகம்’ என்று முழுதாக எழுதுங்கள். வெறும் ‘2024 போகம்’ என்றால் சிறுபோகமா, பெரும்போகமா என்று அடுத்தவர் தலையைப் பிய்த்துக்கொள்வார்.

வயல் ஏக்கரிலா ஹெக்டயரிலா? ஒரு ஹெக்டயர் கிட்டத்தட்ட 2.47 ஏக்கர், மாறிப்போனால் கணக்கு இரண்டரை மடங்கு பிழைக்கும். நெல் புசலிலா, கிலோவிலா, மூடையிலா? மூடை வேண்டவே வேண்டாம், ஆளுக்கு ஆள் நிறை வேறு. அலகை நிரலின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்: ‘பரப்பு_ஏக்கர்’.

எல்லாவற்றையும் விடச் சிக்கலானது வரைவிலக்கணம். ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்றால் யார்? வீட்டுக்குள் தண்ணீர் வந்தவரா, வளவுக்குள் வந்தவரா, வீடு காய்ந்திருந்தும் வயல் அழிந்தவரா? இதில் ஒரு அலுவலகம் ஒன்றையும் அடுத்த அலுவலகம் இன்னொன்றையும் எடுத்தால், குறியீடு, திகதி எல்லாம் பொருந்தினாலும் ஒப்பிடுவதில் பொருளில்லை. ஒரு வசனம் எழுதினால் போதும், ஆனால் எழுத வேண்டும்.

படி 6: ஆட்களின் விபரத்தை நீக்குங்கள்

பெயரை எடுத்துவிட்டேன், அடையாள அட்டை இலக்கம் மட்டும் இருக்கிறது, பிரச்சினை இல்லை என்று ஒருவர் சொன்னார். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். புதிய 12 இலக்க அட்டையிலும் முதல் ஏழில் இவ்வளவும் உண்டு. ஒரு சிறிய கிராம அலுவலர் பிரிவில் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்தால் ஆளையே தெரிந்த மாதிரித்தான். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. உதவி பெறுவோர் பட்டியலைத் திறக்காதீர்கள், பிரிவு வாரியான எண்ணிக்கையைத் திறவுங்கள்.

படி 7: சேமித்தல்

எக்செலில் சேமிக்கும்போது ‘சிஎஸ்வி யுடிஎப்-8’ என்ற தெரிவை எடுங்கள், சாதாரண சிஎஸ்வி தமிழைக் கேள்விக்குறியாக்கிவிடும். தொலைபேசி நிரலை முன்கூட்டியே ‘டெக்ஸ்ட்’ ஆக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 065 இல் தொடங்கும் இலக்கம் 65 ஆகிவிடும். கிராம அலுவலர் பிரிவு இலக்கத்தில் சாய்கோடு இருந்தால் அதைத் திகதியாக்கிவிடும் பழக்கமும் எக்செலுக்கு உண்டு.

படி 8: கூடவே ஒரு குறிப்புப் பைல்

யார் சேகரித்தது, எப்போது, எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும், ஒவ்வொரு நிரலின் பொருள், படி 5 இல் எழுதிய வரைவிலக்கணம், பிழை கண்டால் யாரிடம் சொல்வது (ஆளின் பெயர் வேண்டாம், பதவி போதும், இடமாற்றம் வந்துகொண்டே இருக்கும்). இதற்கு டிகேட் என்ற சர்வதேசச் சொற்தொகுதி உண்டு, 2014 இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு பரிந்துரைத்தது. தொடக்கத்தில் சாதாரணத் தமிழில் ஒரு பக்கம் எழுதினாலே போதும்.

உரிமத்தையும் எழுதுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 இல் பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற வகை பெரும்பாலும் பொருந்தும். அதை நீங்களாக முடிவெடுக்காமல் மேலதிகாரியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

படி 9: பக்கத்து அலுவலகத்தோடு உட்காருங்கள்

இதுவரை தனியாகச் செய்தீர்கள். இனி பிரதேச செயலகம், கமநல சேவை நிலையம், நீர்ப்பாசனத் திணைக்களம் என்று ஒரே விடயத்தைத் தொடும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிடுங்கள். கூட்டத்துக்கு வெறும் கையோடு போகாதீர்கள், தயாரித்த சிஎஸ்வியை அச்சடித்துக் கொண்டுபோங்கள். ‘தரம் வகுப்போம்’ என்று தொடங்கினால் தேநீரோடு முடியும். ‘இந்த நிரலுக்கு நீங்கள் என்ன போடுகிறீர்கள்?’ என்று கேட்டால் அப்புறம் கதை தானாக வரும். ஒத்துக்கொண்டதை ஒரு பக்கத்தில் எழுதி, ‘பதிப்பு 1’ என்றும் திகதியும் போடுங்கள். மாற்றினால் பதிப்பு 2, என்ன மாறியது என்று ஒரு வரி. எல்லையோ பிரிவோ மாறினால் பழைய குறியீட்டை அழிக்காமல் எந்தத் திகதி வரை செல்லும் என்று குறித்து வையுங்கள். முடிந்தால் அக்கரைப்பற்று, ஆலையடிவேம்புப் பக்கத்தில் இருந்தும் ஒருவரைச் சேருங்கள். வெள்ளத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது.

படி 10: வெளியிடுங்கள், கேளுங்கள்

நாட்டின் திறந்த தரவுத் தளம் டேட்டா.ஜிஓவி.எல்கே. அங்கே ஏற்றுவதற்கு அனுமதி தாமதமானால், முதலில் உங்கள் அலுவலகத்தின் சொந்த இணையப் பக்கத்தில் போடுங்கள்.

அலுவலகத்துக்கு வெளியே இருப்பவரா? 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. தகவல் அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மின்னணு வடிவில் பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே விண்ணப்பத்தில் ‘விபரம் தருக’ என்று மட்டும் எழுதாமல், ‘எக்செல் அல்லது சிஎஸ்வி பைலாக, யுனிகோடில், பிரதேச செயலகப் பிரிவுக் குறியீட்டோடு தருக’ என்று எழுதுங்கள். வந்ததும் முதலில் ‘லென்’ போட்டு, கோறளைப்பற்று 12 ஆ, 13 ஆ என்று பாருங்கள்.