‘ஒண்ணுமில்ல’ என்ற பிள்ளையை நாலு வாக்கியம் பேச வைப்பது எப்படி? எளிய சொல் விளையாட்டுகள்

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்ல."

பள்ளி விட்டு வந்த பிள்ளையிடம் இந்தப் பதிலை வாங்காத வீடு அநேகமாக இருக்காது. பிள்ளைக்குப் பேச வரவில்லை என்று இதற்குப் பொருளில்லை. ஒரு நாள் முழுக்க நடந்ததை எந்த முனையிலிருந்து தொடங்குவது என்று அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதே பிள்ளையிடம் "வாலே இல்லாத ஒரு உயிர் சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். "தவளை!" என்று பதில் வரும். "தவளை குட்டியா இருக்கும்போது வால் இருக்குமே" என்று பக்கத்தில் இருப்பது சண்டைக்கு வரும். பேச்சு தொடங்கிவிட்டது.

என் அக்கா மகளும் அவள் தோழர்களுமாக ஐந்தாறு பேர் மாலையில் என்னிடம் விளையாட வருவார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை கலந்த கூட்டம். அவர்களோடு செய்து பார்த்து, சொதப்பி, திருத்திக்கொண்ட வரிசைதான் கீழே இருப்பது.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இந்த விளையாட்டுகளில் சொல் என்பது தூண்டில் புழு, நாம் பிடிக்க வந்த மீன் வாக்கியம். பிள்ளை ஐம்பது சொற்களை ஒப்பித்துவிட்டு ஒரு வாக்கியம்கூடப் பேசாமல் எழுந்து போனால் அன்றைக்கு மீன் கிடைக்கவில்லை என்றுதான் கணக்கு.

தொடங்கும் முன்

உள்ளே இருப்பது தெரியாத ஒரு துணிப்பை, வீட்டிலிருக்கும் பத்து சின்னப் பொருள்கள், கொஞ்சம் காகிதச் சீட்டுகள். நாலைந்து பேர் வட்டமாகத் தரையில் உட்காருங்கள். ஆறு பேருக்கு மேல் போனால் முறை வருவதற்குள் பொறுமை போய்விடும், இரண்டு குழுவாகப் பிரித்துவிடுங்கள். வகுப்பறையில் முப்பது பேர் இருந்தால் இருவர் இருவராகப் பேச விடுவதுதான் வழி. பதினைந்து நிமிடம் போதும். "இன்னும் ஒரு தடவை" என்று அவர்கள் கெஞ்சும்போதே நிறுத்திவிட்டால் மறுநாள் தானாக வருவார்கள்.

படி 1: பல்லியா, பள்ளியா?

வாய்க்கு முன்னால் காது. அறையின் ஒரு பக்கம் ‘பல்லி’, எதிர்ப் பக்கம் ‘பள்ளி’ என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு சொல்லைச் சொன்னதும் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஓட வேண்டும். பழகியதும் மனம்–மணம், பனி–பணி, கிளி–கிழி என்று மாற்றலாம். வலி–வளி–வழி கடைசியில் வரட்டும், அதில் பெரியவர்களே தடுமாறுவோம்.

இரண்டு நாள் ஓடிய பிறகு, சொல்லும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தெளிவாகச் சொல்லாவிட்டால் கூட்டம் தப்பான பக்கம் ஓடும். நீங்கள் திருத்தவே வேண்டாம், அவர்களாகவே நாக்கைச் சரிசெய்துகொள்வார்கள். கேட்டால் மட்டும் காட்டிக் கொடுங்கள்: ‘ல்’ சொல்ல நாக்கு நுனி மேல்பல்லின் பின்பக்கம் தொடும். ‘ள்’ சொல்ல நாக்கு மடங்கிப் போய் மேலண்ணத்தைத் தொடும். ‘ழ்’ சொல்லும்போதும் மடங்கும், ஆனால் அழுத்தி ஒட்டாது. கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொன்னால் அதுவே ஒரு கூத்தாகிவிடும்.

நா பிறழ் வாக்கியங்களை இதன் வாலாக வைத்துக்கொள்ளலாம். "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி" எல்லோருக்கும் பிடிக்கும். வேகப் போட்டி மட்டும் வேண்டாம். வேகம் கூடினால் தெளிவு போய்விடும்.

படி 2: சொல் சங்கிலி, கூடவே ஒரு ‘ஏன்னா’

ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்ற அந்தாதி விளையாட்டு எல்லோருக்கும் தெரியும். நானும் அதில்தான் தொடங்கினேன். மரம், மாடு... அடுத்து ‘டு’. எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள்.

தமிழில் இது நடந்தே தீரும். பதினெட்டு மெய்களில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற எட்டின் வரிசைகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை. ஆனால் சொல்லின் கடைசியில் அவைதான் வரிசை கட்டி நிற்கின்றன. டப்பா, ரயில், லாரி என்று வந்து சேர்ந்த சொற்களை வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டலாம். ண, ள, ழ, ற, ன வந்தால் அதுவும் கிடையாது.

அதனால் எழுத்தை விட்டுவிட்டுப் பொருளால் கோத்துப் பாருங்கள். முன்னவர் சொல் எதை நினைவுபடுத்துகிறதோ அதைச் சொல்லலாம், ஆனால் ஏன் என்று சொல்லியாக வேண்டும். ‘மரம்’ என்றால் ‘நிழல்’, "ஏன்னா மரத்தடியில வெயில் படாது." ‘நிழல்’ என்றால் ‘மாடு’, "ஏன்னா மாடு அங்கதான் படுத்து அசை போடும்." ‘மாடு’ என்றால் கழுத்தில் கட்டிய ‘மணி’.

எங்கள் கூட்டத்தில் வாயே திறக்காத ஒரு இரண்டாம் வகுப்புப் பெண். ‘மணி’க்கு அடுத்து அவள் முறை. ‘பாட்டி’ என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க பாட்டிக்குக் கடிகாரத்துல மணி பாக்கத் தெரியாது, என்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாங்க, நான் சொன்னாத்தான் மாத்திரை போடுவாங்க" என்றாள். அவள் அதுவரை என்னிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது. கழுத்து மணியைக் கடிகார மணியாக மாற்றிவிட்டாள். பொருள் தாவினால் தாவட்டும், காரணம் சொல்கிறாளே!

படி 3: பைக்குள் என்ன?

எனக்கு நாள் ஒன்றுக்கு ஒரே விளையாட்டுதான் என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுப்பேன். ஒரு பிள்ளை பைக்குள் கையை விட்டு, பார்க்காமல் ஒரு பொருளைத் தொட்டு, பெயரைச் சொல்லாமல் விவரிக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பையைக் கைவிடாததற்குக் காரணம் உண்டு: சும்மா விவரிக்கச் சொன்னால் "இப்படி இருக்கும், இப்படித் திருகணும்" என்று கைகள்தான் பேசும். ஒரு கை பைக்குள் மாட்டிக்கொண்டால் வாய் வேலை செய்தாக வேண்டும்.

ஒரு நாள் பூட்டு ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன்.

"சில்லுனு இருக்கு மாமா."

"சரி."

நான் வேறொன்றும் சொல்லவில்லை. அவன் கை உள்ளே துழாவியது.

"கனமா இருக்கு. மேல வளையம் மாதிரி... முழு வளையம் இல்ல, ரெண்டு காலும் உள்ள போயிருக்கு."

"வளையல்!"

"இல்லடா, கீழ கட்டையா இருக்கு. அதுல ஒரு ஓட்டை இருக்கு, ஆனா விரல் போகல."

"பூட்டு!"

‘ரெண்டு காலும் உள்ள போயிருக்கு’ என்று நான் சொல்லிக் கொடுத்திருக்கவே முடியாது.

திணறுகிற பிள்ளைக்கு நாலு சீட்டு எழுதி முன்னால் வையுங்கள்: தொட்டால் எப்படி, எவ்வளவு பெரிது, எதற்கு உதவும், வீட்டில் எங்கே இருக்கும். படிக்கத் தெரியாத சின்னதுகளுக்குப் படம் வரைந்தால் போதும். இங்கேதான் இரட்டைக்கிளவி கைகொடுக்கும். வழவழ, சொரசொர, பிசுபிசு, கொழகொழ, சலசல, கிடுகிடு. இவற்றின் ஓசையே பொருளைச் சொல்லிவிடும் என்பதால் பிள்ளைகள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். பைக்குள் ஒரு சீப்பு, பஞ்சு, கூழாங்கல், தேய்ந்த சோப்பு என்று வேறுவேறு தொடுகை உள்ளவையாகப் போடுங்கள். கூர்மையானது எதுவும் வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து விளையாட்டைத் திருப்பிப் போடுங்கள். பொருளை நீங்கள் மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் பத்துக் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆம், இல்லை என்று மட்டுமே பதில். நாள் முழுக்க நாம்தான் பிள்ளைகளைக் கேள்வி கேட்கிறோம், அவர்கள் கேட்டுப் பழக வாய்ப்பு குறைவு. முதல் நாள் "பேனாவா? பந்தா? சாவியா?" என்று குருட்டாம்போக்கில் பத்தையும் தீர்த்துவிடுவார்கள். விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று ஆட்டத்திலேயே "அதுக்கு உயிர் இருக்கா?", "கையில பிடிக்கலாமா?" என்று வந்து நிற்பார்கள்.

படி 4: ஆளுக்கொரு வரி கதை

ஒருவர் ஒரு வரி சொல்ல, அடுத்தவர் அடுத்த வரி. விட்டால் எல்லா வரியும் ‘அப்புறம்’ என்றுதான் தொடங்கும். அதற்கு அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டு, ‘ஆனால்’, ‘அதனால்’, ‘திடீரென்று’, ‘அதற்குள்’, ‘இருந்தாலும்’ என்று சீட்டுகள் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். எடுத்த சீட்டில் உள்ள சொல்லை வைத்துத்தான் வரியைத் தொடங்க வேண்டும். ‘இருந்தாலும்’ வந்தவர் பாடு திண்டாட்டம், சுற்றியிருப்பவர்களுக்குக் கொண்டாட்டம். கதை எங்கே வேண்டுமானாலும் போகட்டும், யானை விமானம் ஓட்டினாலும் குறுக்கே போகாதீர்கள்.

நான் செய்த தப்புகள்

தொடக்கத்தில் தப்பாகச் சொன்னவரை ‘அவுட்’ ஆக்கினேன். யாருக்குப் பேச்சுப் பயிற்சி அதிகம் தேவையோ அந்தப் பிள்ளைதான் முதலில் வெளியேறி, மீதி நேரம் முழுக்க வாய்மூடி உட்கார்ந்திருந்தது. இப்போது யாருக்கும் அவுட் கிடையாது. சொல் வராவிட்டால் "பாஸ்" சொல்லலாம், அடுத்த சுற்றில் முறை உண்டு.

இரண்டாவது, என் வாய். கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடப் பொறுக்காமல் நானே எடுத்துக் கொடுப்பேன். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களிலேயே இதை வகுப்பறைகளில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் பதிலும் நீளுகிறது என்று. மூன்று நொடி என்பது கேட்க அற்பமாக இருக்கும், வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு யுகம். நான் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிறேன். பூட்டு விளையாட்டில் நான் சொன்ன அந்த ஒற்றை ‘சரி’ அப்படி வந்ததுதான்.

மூன்றாவது, திருத்தம். "நேத்து நான் மாமா வீட்டுக்குப் போவேன்" என்று பிள்ளை சொன்னால், நிறுத்தி இலக்கணம் நடத்தாதீர்கள். "ஓ, நேத்து போனியா? அங்க யாரெல்லாம் இருந்தாங்க?" என்று சரியான வடிவத்தை உங்கள் பதிலிலேயே வைத்துவிட்டால் பேச்சும் அறுபடாது. அதேபோல ‘இருக்குது’, ‘வந்துச்சு’ என்பதெல்லாம் தப்பே இல்லை, வீட்டுப் பேச்சு. ‘இருக்கிறது என்று சொல்’ என்று இழுத்துப் பிடித்தால் பிள்ளை மறுபடி ‘ஒண்ணுமில்ல’வுக்கே போய்விடும். மேடைப் பேச்சுத் தமிழ் வேண்டுமானால் அதையும் விளையாட்டாக்குங்கள்: இன்றைக்கு நீ செய்தி வாசிப்பவர், பைக்குள் இருப்பதைச் செய்தியாக வாசி.

அந்த இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு இந்த வேடம் ரொம்பப் பிடித்துவிட்டது. போன வாரம் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வணக்கம். இன்று மாலை மாமா வீட்டுப் பைக்குள் சொரசொரப்பான மர்மப் பொருள் ஒன்று சிக்கியது" என்று ஆரம்பித்தாள். தேங்காய் நார் என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஆறு நிமிடம் ஆனது.