கிராபிக்ஸ் கார்டை எந்த ஸ்லாட்டில் செருக வேண்டும்?

கிராபிக்ஸ் கார்டை வாங்கி வந்து, கேஸைத் திறந்து மதர்போர்டைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே நீளத்தில் இரண்டு மூன்று ஸ்லாட்டுகள் இருக்கும். எதில் செருகினாலும் கார்டு உள்ளே போகும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும், திரையில் படமும் வரும். அதனால்தான் இந்தத் தப்பு மாதக்கணக்கில் கண்ணில் படாமலே இருந்துவிடுகிறது. நான் முதன்முதலில் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தபோது, மேல் ஸ்லாட் கூலரை ஒட்டி நெருக்கமாக இருக்கிறதே, கீழே இருந்தால் காற்றோட்டம் கிடைக்குமே என்று நினைத்து இரண்டாவது ஸ்லாட்டில் செருகிவிட்டேன். ஏறக்குறைய அரை வருடம் அந்தக் கார்டு தனக்கு வேண்டிய பாதையில் கால்வாசியை வைத்துத்தான் ஓடியது. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

பதில் சுருக்கமாக வேண்டுமென்றால்: பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் நீளமான ஸ்லாட், அதாவது பெரும்பாலான போர்டுகளில் மேலே இருப்பது. ஏன் என்று தெரிந்துகொண்டால் எந்தப் போர்டு கையில் வந்தாலும் நீங்களே முடிவு செய்யலாம்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்லாட்டின் நீளம் வேறு, அதற்குள் ஓடும் லேன்களின் எண்ணிக்கை வேறு. இந்த வகை ஸ்லாட்டுக்குப் பெயர் பிசிஐ எக்ஸ்பிரஸ்; அதை எக்ஸ்1, எக்ஸ்4, எக்ஸ்8, எக்ஸ்16 என்று சொல்வார்கள்; எக்ஸுக்குப் பின்னால் வரும் எண்தான் லேன்கள், தகவல் போய்வரும் தடங்கள். கிராபிக்ஸ் கார்டு எக்ஸ்16 நீளத்தில் வரும். ஆனால் எக்ஸ்16 நீளமுள்ள எல்லா ஸ்லாட்டிலும் 16 லேன் இருப்பதில்லை. வாசல் அகலமாக இருந்தும் உள்ளே குறுகலான சந்துபோல, இரண்டாவது ஸ்லாட்டில் பல போர்டுகளில் 4 லேன்தான். அதுவும் நேராகப் பிராசசருக்குப் போகாமல் சிப்செட் (மற்ற சாதனங்களைப் பிராசசரோடு இணைக்கும், போர்டில் இருக்கும் சிப்) வழியாகச் சுற்றிப் போகும். அந்த வழியை யுஎஸ்பி, சாட்டா (ஹார்டு டிஸ்க் இணைப்பு), நெட்வொர்க் எல்லாம் பங்குபோட்டுக்கொள்கின்றன. மேல் ஸ்லாட்டின் லேன்கள் நேரடியாகப் பிராசசரில் போய் முடிகின்றன. வித்தியாசம் அங்கேதான்.

<b>படி 1: மேனுவலைத் திறங்கள்</b>

போர்டின் மாடல் பெயர் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். அதை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில் மேனுவலை எடுத்து, எக்ஸ்பான்ஷன் ஸ்லாட் என்று வரும் பகுதிக்குப் போங்கள். "எக்ஸ்16 ஸ்லாட், எக்ஸ்4 மோடில் இயங்கும்" என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அந்த ஸ்லாட்டில் கிராபிக்ஸ் கார்டைச் செருகாதீர்கள். அதே பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் குறிப்புகளையும் தயவுசெய்து படியுங்கள். சில போர்டுகளில் ஒரு குறிப்பிட்ட எம்.2 இடத்தில் (மெல்லிய எஸ்எஸ்டி சேமிப்பகத்தைச் செருகும் சிறிய ஸ்லாட்) எஸ்எஸ்டி போட்டால் மேல் ஸ்லாட் 16 லேனிலிருந்து 8-க்கு இறங்கிவிடும், வேறு சிலவற்றில் இரண்டாவது நீள ஸ்லாட்டில் எதையாவது செருகினாலே இரண்டும் எட்டு எட்டாகப் பிரித்துக்கொள்ளும். இதெல்லாம் அந்தப் பொடி எழுத்தில்தான் இருக்கும்.

மேனுவல் கிடைக்கவில்லையா? டார்ச் அடித்து ஸ்லாட்டின் உள்ளே பாருங்கள். முழு 16 லேன் என்றால் உலோகத் தொடர்புகள் கடைசிவரை வரிசையாக இருக்கும். 4 லேன் ஸ்லாட்டில் பெரும்பாலும் கேஸின் பின்பக்கத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் இருந்து, மீதி வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். பின்கள் முழுக்க இருந்தும் வயரிங் இல்லாத போர்டுகளும் உண்டு, ஆகவே மேனுவலின் சொல்தான் இறுதி.

<b>படி 2: கார்டு எத்தனை லேன் கேட்கிறது?</b>

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 7600 போன்றவை நீளத்தில் எக்ஸ்16 ஆக இருந்தாலும் 8 லேன்தான் பயன்படுத்தும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு 4 லேன்தான்.

அப்புறம் பிசிஐ எக்ஸ்பிரஸின் தலைமுறை, அதாவது 3.0, 4.0, 5.0 என்று வரும் எண். எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் வேலை செய்யும், ஆனால் இரண்டில் பழையது எதுவோ அதன் வேகத்தில்தான் ஓடும். 16 லேனில் ஒரு திசைக்கு நொடிக்கு 3.0 சுமார் 16 ஜிகாபைட், 4.0 சுமார் 32, 5.0 சுமார் 64. 4.0 போர்டில் 8 லேன் கார்டு ஓடினால் கவலையே வேண்டாம். ஆனால் 4 லேன் கார்டைப் பழைய 3.0 போர்டில் போட்டால் கிடைப்பது சுமார் 4 ஜிகாபைட்தான், வீடியோ மெமரி நிரம்பும் கேம்களில் அது நன்றாகவே தெரியும். பழைய போர்டு வைத்திருப்பவர்கள் கார்டு வாங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

<b>படி 3: செருகுவது</b>

பவரை நிறுத்தி, வயரைக் கழற்றி, கேஸின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் இருக்கும் மின்னேற்றத்தை இறக்குங்கள். கார்டின் தடிமனுக்கு ஏற்ற எண்ணிக்கையில் பின்பக்கத் தகடுகளைக் கழற்றுங்கள், ஸ்லாட் முனையில் இருக்கும் பூட்டைத் திறந்து, கார்டை நேராக அழுத்துங்கள். 'க்ளிக்' என்று பூட்டு விழ வேண்டும். ஸ்க்ரூ போட்ட பிறகு பவர் கேபிளை மறக்காதீர்கள்: ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட்தான் தரும், அதற்கு மேல் தேவைப்படுவது நேராகப் பவர் சப்ளையிலிருந்துதான் வர வேண்டும். மானிட்டர் கேபிளையும் மதர்போர்டில் இல்லாமல் கார்டிலேயே செருகுங்கள்.

<b>படி 4: சரிபார்ப்பது</b>

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற கட்டத்தைப் பாருங்கள். "எக்ஸ்16 4.0 @ எக்ஸ்16 1.1" என்று இருந்தால் பயப்படாதீர்கள், சும்மா இருக்கும்போது மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டு வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி ரெண்டர் டெஸ்ட்டை ஓட்டினால் உண்மையான எண் வரும். சோதனை ஓடும்போதும் @ குறிக்குப் பின்னால் வரும் லேன் எண் கார்டு கேட்பதைவிடக் குறைவாக இருந்தால், பவரை நிறுத்திக் கார்டைக் கழற்றி, தங்கநிறத் தொடர்புகளில் தூசி இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும். இல்லையென்றால் அந்த எம்.2 குறிப்பை இன்னொரு முறை படியுங்கள்.