யாழ்ப்பாணத்தில் வளரும் அமெரிக்கக் குடியுரிமைப் பிள்ளையின் வட்டிக்கு வரி போடுவது எப்படி

பிள்ளை பிறந்தது நியூ ஜேர்சியில், வளர்வது நல்லூரில் என்றாலும் அமெரிக்க வருமான வரி பிள்ளையை விடாது, ஏனென்றால் அந்தச் சட்டம் பார்ப்பது குடியுரிமையை. வேலைக்கே போகாத பிள்ளைக்கு என்ன வரி என்று பலர் கேட்கிறார்கள். பிள்ளையின் பெயரில் வரும் வட்டி, பங்கிலாபம், பங்கு விற்ற லாபம் எல்லாம் பிள்ளையின் வருமானம்தான், உழைத்து வரவில்லை என்பதால் அதற்கென்று தனி விதி இருக்கிறது.

முதலில் கணக்குகளை ஒன்றாக எடுத்து வையுங்கள். சாமத்திய வீட்டில் சேர்ந்த காசை நிலையான வைப்பில் போட்டிருப்பீர்கள், அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா ஒரு பங்குக் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருப்பார். அன்பளிப்பாக வந்த காசுக்குப் பிள்ளை வரி கட்டத் தேவையில்லை, அதிலிருந்து வரும் வட்டிக்குத்தான் வரி. வங்கியில் கூற்றுக் கேட்கும்போது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்று தெளிவாகச் சொல்லுங்கள், இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் வங்கியின் வரிச் சான்றிதழ் அமெரிக்கக் கணக்கோடு ஒத்துவராது. வட்டியையும் முழுத் தொகையாக எழுத வேண்டும். வங்கி இங்கே பிடித்துவைத்த வரியை (2025 ஏப்ரலில் இருந்து 10 சதவீதம்) கழித்துவிட்டு எழுதக் கூடாது, அந்தத் தொகையை அமெரிக்க வரியிலிருந்து கழிக்கும்படி 1116 படிவத்தில் தனியாகக் கேட்கலாம்.

2025 ஆம் ஆண்டுக்கு உழைப்பில்லாத வருமானம் மட்டும் உள்ள பிள்ளைக்கு 1,350 டொலர் வரை விபரத்திரட்டு (வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம்) தேவையில்லை. அதற்கு மேல் போனால் தேவை. உதாரணமாக, பங்கிலாபம் 2,200 டொலர், இங்கே வட்டி 240,000 ரூபாய், ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 800 டொலர், மொத்தம் 3,000. முதல் 1,350க்கு வரி இல்லை, அடுத்த 1,350க்குப் பிள்ளையின் சொந்த வீதம், மிச்சம் 300க்குப் பெற்றோரின் வீதம். 2,700ஐத் தாண்டியதால் பிள்ளையின் விபரத்திரட்டோடு, பெற்றோரின் வீதத்தில் வரியைக் கணக்கிடும் 8615 படிவமும் போக வேண்டும். பதினெட்டு வயதோடு இது முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம், முழுநேரமாகப் படிக்கும் பிள்ளை தன் செலவில் பாதிக்கு மேல் தானே உழைக்காவிட்டால் 24 வயது ஆகும்வரை தொடரும்.

இன்னொரு வழி 8814 படிவம். பிள்ளைக்கு வட்டியும் பங்கிலாபமும் மட்டும் வந்து, மொத்தம் 13,500 டொலருக்குக் குறைவாக இருந்து, நீங்களும் அமெரிக்க விபரத்திரட்டுப் போடுபவர் என்றால் அதை உங்களுடைய திரட்டிலேயே சேர்க்கலாம். வேலை குறைவு, உண்மை. ஆனால் பங்கிலாபம் இருக்கும் பிள்ளைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்: தகுதி பெற்ற பங்கிலாபத்துக்கு (குறைந்த வரி வீதம் பெறும் பங்கிலாபம்) பிள்ளையின் திரட்டில் பெரும்பாலும் பூச்சிய வீதம் கிடைக்கும், 8814 இல் அந்த இரண்டாவது 1,350க்கு 10 சதவீதம், அதாவது 135 டொலர், கட்டியே ஆக வேண்டும். வெறும் வட்டி என்றால் சரி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். இங்கே உழைக்கும் சம்பளத்தை 2555 படிவத்தில் விலக்குகிறீர்களா? அந்த விலக்கு வட்டிக்குச் செல்லாது.

பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டால் அதற்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு விபரத்திரட்டுப் போட ஜூன் 15 வரை நேரம் தானாகவே கிடைக்கும், ஆனால் கட்ட வேண்டிய வரி இருந்தால் ஏப்ரல் 15 இலிருந்து வட்டி ஓடும்.

பலர் தவற விடுவது ஃபின்சென் 114 அறிக்கையை, அதாவது வெளிநாட்டு வங்கிக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் அறிக்கையை. இலங்கையில் பிள்ளையின் பெயரில் உள்ள கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் எப்போதாவது 10,000 டொலரைத் தாண்டினால், வரியே வராவிட்டாலும் இதை ஒன்லைனில் கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்காகப் பெற்றோர் கையெழுத்திடலாம். ஏப்ரல் 15 தவறினால் ஒக்டோபர் 15 வரை தானாகவே நீட்டிப்பு உண்டு, அதையும் தாண்டினால் வரும் தண்டம் வட்டிக் காசை விடப் பல மடங்கு பெரிதாக இருக்கலாம்.